பஞ்சமிக்கு வந்த தம்பி

ஹவுசாபாய் தன் தம்பி பிவாஜியோடு பேசிப் பதினோரு வருஷம் ஆயிற்று. ஆனாலும் நாகபஞ்சமிக்கு முந்தின நாள் உடன்பிறந்தவனுக்காக இருக்கும் விரதத்தை அவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. கேட்டால், "நாகமும் எனக்குத் தம்பிதானே, அவனுக்கு இருக்கேன்" என்பாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு புடவை. பிவாஜி தன் மகளுக்குப் பேர் வைத்த அன்று, கொழுந்தியாளுக்குப் பட்டும் அக்காவுக்கு நூல் புடவையும் கொடுத்தான். ஹவுசாபாய் அதை அங்கேயே கொடியில் போட்டுவிட்டுத் தன் ஊருக்குத் திரும்ப சாங்லி பஸ் ஏறினாள்.

இந்தப் பஞ்சமிக்குச் சுவரில் சந்தனத்தால் நாகம் வரைந்து, சோளப்பொரி தூவிக் கும்பிட்டு நிமிர்ந்தாள். குதிருக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒன்று படமெடுத்து நின்றது. புருஷன் கோண்டிபா கட்டில்மேல் ஏறி அரிவாளைக் கேட்டார்.

"பஞ்சமியன்னிக்கு அரிவாளா? காய்கூட நறுக்கலை நான்."

"அப்ப உன் தம்பியைக் கூப்பிடுறேன். சுத்துப்பட்டுல பாம்பு பிடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்."

"பாம்பு வந்திருக்குன்னு சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க."

அரைமணி நேரத்தில் பிவாஜி வளைந்த கம்பியோடும், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோடும் வந்தான். அதற்குள் தெருப்பெண்கள் பால் கிண்ணங்களோடு வாசலில் நின்றார்கள்.

"பால் வேணாம். அது குடிக்காது" என்றான் அவன்.

"இந்த வீட்டுல நீயும்தான் பதினோரு வருஷமா ஒண்ணும் குடிக்கலை" என்றாள் ஹவுசாபாய், சுவரைப் பார்த்து.

அவன் பாம்பை டப்பாவுக்குள் இறக்கி மூடினான். பெண்கள் மூடிக்குக் குங்குமம் வைத்தார்கள். அவன் கிளம்பப் போனபோது ஹவுசாபாய் தட்டை வைத்தாள். வெல்லப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த திண்ட் கொழுக்கட்டை நான்கு, மேலே நெய்.

"பாம்புக்கு விரதம் இருந்துட்டு எனக்கு எதுக்குச் சோறு?"

கோண்டிபா கட்டிலிலிருந்தே சொன்னார்: "பொய்டா. ஒவ்வொரு வருஷமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கேத்துறா. எனக்காக ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை."

பிவாஜி உட்கார்ந்தான். இரண்டு திண்ட் தின்ற பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, பட்டு உனக்குத்தான் எடுத்தேன். பை மாறிப் போச்சு. கொடுத்தப்புறம் கொழுந்தியாகிட்ட எப்படித் திருப்பிக் கேக்குறது?"

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"நீதான் பஸ் ஏறிட்டியே."

ஹவுசாபாய் கொஞ்ச நேரம் நெய்க் கிண்ணத்தைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "பஞ்சமிக்குப் பொறந்த வீட்டுக்குப் போகாதவ நான் ஒருத்திதான். வண்டியை எடு" என்றாள்.

"டப்பாவை யாரு பிடிக்கிறது?"

"குடு."

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்தார்கள். பாம்பு வெளியே வரவில்லை. அக்காவும் தம்பியும் கல்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பேச நிறைய இருந்தது. பாம்பு எப்போது போயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.