ராகுகாலத்தைக் கழற்றிய காலை

என் கணவர் சூர்யபிரகாஷுக்கு எதையும் பிரித்து வைக்கத் தெரியாது. அலமாரியில் அவர் சட்டைக்குள் என் சார்ஜர் சுருண்டு கிடக்கும். சிவகாசி அச்சகங்களுக்காக நாங்கள் இருவரும் எழுதிய ஷெல் என்ற மென்பொருளும் அப்படித்தான் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் காலண்டர் ஆர்டர் பதிவாகும், காலண்டர் கட்டின் மேல் ஒட்டும் லேபிள் அச்சாகும். ஆனால் எல்லாம் ஒரே மூட்டை. லேபிளில் ஒரு வரியைத் திருத்தினால் ஆர்டர் படுத்துக்கொள்ளும்.

"தினசரி காலண்டர்ல தேதித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதான். அட்டைதான் கடைக்குக் கடை மாறுது. அதே மாதிரி பொது வேலையெல்லாம் நடுவுல கோர்ல இருக்கட்டும், மத்ததெல்லாம் தனித்தனி பிளகின். வேணும்னா மாட்டலாம், வேண்டாம்னா கழத்தலாம்" என்றேன்.

மனிதர் தலையாட்டினார். உட்கார்ந்து பிரித்தோம். சண்டை வந்தது ஒரே இடத்தில்தான். ராகுகாலத்தில் ஆர்டர் எடுக்க விடாமல் தடுக்கும் நிரல் ஒன்றை ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்தார்.

"அது கோர்லதான் இருக்கணும், கீர்த்தி. நம்ம ஊர்க்காரவுகளுக்கு அதான் முக்கியம்."

"உங்களுக்குத்தான் முக்கியம். பிளகின்லதான் போடுவேன்."

போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சென்னைக் கம்பெனி ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஆடிப்பெருக்கன்று லட்சுமிகாந்தம் அக்கா தன் அச்சகத்துக்கு எங்கள் ஷெல்லை எடுத்துக்கொண்டால் இங்கேயே இருப்பார். இல்லாவிட்டால் மறுநாளே ரயில். அப்பாவின் பைண்டிங் பட்டறையை விட்டு நான் நகர முடியாது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஆடிப்பெருக்கன்றுதான் புது காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்பார்கள். அந்த வருடம் அது சனிக்கிழமை. அக்காவின் அச்சகத்தில் பூஜை நேரத்தோடு முடிந்தது. வடை, காபி, வந்தவர்கள் அரட்டை என்று நாங்கள் லேப்டாப்பைத் திறக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சாத்தூர் பலசரக்குக் கடைக்காரர் கருத்தப்பாண்டி முதல் ஆர்டரோடு உட்கார்ந்திருந்தார். அக்காவே கட்டளையைத் தட்டினார்.

'ராகுகாலம். பத்தரைக்கு மேல் வரவும்' என்றது திரை.

"அப்பம் நான் இன்னொரு நாள் வாரேன்" என்று கருத்தப்பாண்டி எழுந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி! சாமி கும்பிட்டு ஆரம்பிச்சாச்சு. வந்த ஆர்டரத் திருப்பி அனுப்பவா?" என்ற அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "ராகுகாலத்த அச்சடிச்சு ஊர் ஊரா விக்கிறவ நான். எனக்கே நேரம் சொல்லுதா உங்க மிசினு? இத இப்பமே மாத்த முடியுமா, முடியாதா?"

பழைய மூட்டையாக இருந்தால் தோண்டி எடுக்கவே பொழுது சாய்ந்திருக்கும். சூர்யா ஒரே கட்டளையில் தன் செல்லப் பிளகினைக் கழற்றினார். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறவர் முகம் அவருக்கு. ஷெல் மறுபடி எழுந்தது. அக்கா தட்டினார். ஆர்டர் பதிந்து, கருத்தப்பாண்டி கடைப் பெயரோடு லேபிளும் வந்து விழுந்தது.

"அம்புட்டுதானா!" அக்கா கைதட்டிச் சிரித்தார். "திங்கக்கிழமையே வந்து எல்லா மிசின்லயும் போட்டுக் குடுங்க."

"சரிங்கக்கா. அந்த ராகுகாலத்த அழிச்சிருதேன்" என்றார் சூர்யா, குரல் இறங்கிப் போய்.

"ஏன் அழிக்கணும்? சாப்ட்வேர் விக்கேன்னு தெனமும் எவனாவது வாரான். அவன் வந்தா இத எடுத்து மாட்டிக்கிடுதேன். நாள் பூரா ராகுகாலம்னு காட்டுத மாதிரி செஞ்சு குடுங்க!"

சூர்யாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, போனை எடுத்து, சென்னை டிக்கெட்டை ரத்து செய்தார்.

"அதையும் கழத்தியாச்சு" என்றார்.

சந்தோஷம் தாங்காமல் ரோட்டோரத்திலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.