அரசன் உயிர் எங்கள் மாடியறையில்

ஏழு கடல் தாண்டி ஒரு வண்டுக்குள் உயிரை ஒளித்து வைத்த அசுரர்களைப் பற்றி எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் அரசனுக்கு அவ்வளவு தூரம் போகப் பொறுமை இல்லை. சிப்பாய் வரிசையில் நின்ற என் மகனைக் கைகாட்டி, தன் உயிரை அவனுக்குள் வைத்து, எங்கள் வீட்டு மாடியறையிலேயே அவனைப் பூட்டினான். அதன்பின் தேவர்களின் அம்பு எத்தனை பட்டாலும் அரசன் சாகவில்லை. மற்றவர்கள் செத்தார்கள்.

நான் படைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். செத்தவன் சட்டையைத் துவைத்து, ஓட்டையைத் தைத்து, அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான்; வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் தொட்டிக்காரி தன் மூன்று மகன்களின் சட்டையையும் அப்படித்தான் அலசினாள்.

"உம்புள்ளைய மட்டும் எப்படிடி விட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஒட்டிக்கிற நோய்" என்றேன். உண்மையைச் சொன்னால் குடும்பத்தோடு தலை போகும். என் மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், ஊர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

நோய் பரவாமல் பார்க்க என்று சொல்லி வாசலில் நிறுத்தியிருந்த காவலர்களையும் போர் தின்றது. கடைசிக் காவலனைக் களத்துக்கு அனுப்பிய அன்று இரவு, யாருக்கும் தெரியாமல் அரசனே வந்தான். நிலையில் கொம்பு இடிக்காமல் குனிந்து நுழைந்து, சாவியை என் கையில் வைத்தான்.

"நீ பெத்தவ. உன்னைவிட நல்ல காவல் எனக்கு எவன் கிடைப்பான்?"

பாவி, ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தான்.

ஆண்கள் தீர்ந்ததும் பெண்களைக் கூப்பிட்டார்கள். என் மகள் விடிந்ததும் கிளம்பினாள். போகிற போக்கில் மாடிக் கதவைத் தட்டி, "ராஜா வீட்டு மாப்பிள்ளை, நல்லா தூங்கு. நான் போய் உனக்கும் சேத்து சண்டை போட்டுட்டு வரேன்" என்று கேலி செய்தாள்.

அவள் போனதும் மகனுக்குக் கஞ்சி கொண்டு போனேன்.

"என்னை வெளிய விடும்மா."

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு."

"நான் இங்க மூச்சு விடுற வரைக்கும் அவன் சண்டையை நிறுத்தமாட்டான். அவனுக்கென்ன, சாவா வரப்போகுது? நாளைக்கு தங்கச்சி சட்டை உன் தொட்டிக்கு வரும். அலசுவியா?"

அரசன் மேல் இருந்த ஆத்திரம் முழுவதையும் என் பிள்ளை கன்னத்தில் இறக்கினேன். அவன் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை.

"சொல்லும்மா" என்றான்.

இரண்டு கண்ணில் எதைக் குத்திக்கொள்கிறாய் என்று பெற்றவளிடம் கேட்டால் என்ன பதில் வரும். கீழே போய், தைக்கக் கொண்டுவந்திருந்த சட்டைகளில் நீளமான ஒன்றை எடுத்து வந்தேன். அப்போதும் கை குட்டையாகத்தான் இருந்தது. கழுத்துப் பொத்தானை நானே போட்டுவிட்டேன். யாரும் அடையாளம் கண்டு திருப்பி அனுப்பிவிடாதபடி முகத்தில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டான்.

"நானும் சிப்பாய்தானே. எல்லாரும் போன இடத்துக்குத்தான் போறேன். நீ வேலைக்குப் போ, பின்னால வராதே."

பின்னால் போகவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே அவன் தெருமுனையில் திரும்பியதை மட்டும் பார்த்தேன்.

மத்தியானம் போர்முரசு நின்றது. சலவைக்கூடத்தில் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். தொட்டிக்காரி என்னைக் கட்டிக்கொண்டு, "முடிஞ்சுதுடி, அந்தச் சண்டாளன் ஒழிஞ்சான்" என்று ஓவென்று அழுதாள். நான் சோப்புக் கையோடு நின்றேன். அவள் மகன்கள் சட்டை வந்த நாட்களில் அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். உடம்பெல்லாம் புழுதி, ஒரு கீறல் இல்லை.

"எவனோ ஒரு மகராசன்மா, கவசம்கூட இல்லாம எல்லாருக்கும் முன்னால ஓடினான். அவன் மேல அம்பு பட்டுது, அந்தப் பக்கம் ராஜா பொத்துன்னு சரிஞ்சான். எப்படின்னே புரியல. அவன் மட்டும் ஓடலன்னா நான் இல்லம்மா."

அழுதாள், சிரித்தாள், என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக்கூடாது" என்று மாடிப்படியில் ஓடினாள்.