பாலையூற்று வாத்தியக் குழுவும் நூறடிப் பிலிமும்

தவராசா விவரணப் படம் எடுக்கிறவர். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் அவருக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் மூன்று பேரின் கை மாறி வந்த ஒரு கமெராவும் கொடுத்திருந்தார்கள். கதிரையில் அவர் இருந்தது குறைவு. மாதத்தில் இருபது நாள் கமெராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோச்சியிலும் பஸ்ஸிலும்தான் சீவியம். வயலுக்குப் பசளை போடுவது எப்படி, நுளம்பை ஒழிப்பது எப்படி, கிணற்றுக்கு மூடி போடுவது ஏன் என்று பதினொரு வருசமாகப் படம் எடுத்திருந்தார்.

போகிற ஊரிலெல்லாம் அவருக்கு ஒரே கரைச்சல். கமெராவைக் கண்டதும் எல்லாருக்கும் படத்தில் வர வேண்டும். கிராமச் சபைத் தலைவர் மாலையோடு வந்து நிற்பார். கோயில் தர்மகர்த்தா பட்டுச் சால்வையை எடுத்துவர ஆள் அனுப்புவார். திணைக்களம் கொடுக்கிற பிலிமோ அளந்து கொடுக்கிற பிலிம். ஆகவே தவராசா ஒரு தந்திரம் பழகியிருந்தார். பிலிம் இல்லாத கமெராவுக்குச் சாவி கொடுத்து ஓட விடுவார். அது கிர்ரென்று சத்தம் போடும். தலைவர் சிரிப்பார், தர்மகர்த்தா நெஞ்சை நிமிர்த்துவார், எல்லாருக்கும் சந்தோசம். பதினொரு வருசத்தில் ஒருவர்கூட, "எங்கை அந்தப் படம்?" என்று கேட்டு வரவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம் அவரைத் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். குச்சவெளியில் கட்டிய புது மீன் சந்தையைத் திணைக்களத்தின் உதவிப் பணிப்பாளர் வல்லிபுரம் திறந்து வைக்கப் போகிறார். அதை எடுக்கவேண்டும்.

"நூறடிச் சுருள் ஒண்டு புதுசாத் தாறன்," என்றார் வல்லிபுரம். "அது முழுக்க என்ர திறப்பு விழாவுக்கு. விளங்குதோ? ஒரு அடி குறையக் கூடாது."

"ஓம் ஐயா."

"ஒரு நாள் முந்திப் போம். பாலையூற்றிலை ஒரு மனிசி சின்னப் பிள்ளையளை வைச்சு ஏதோ வாத்தியக் குழு நடத்துதாம். வந்து பாருங்கோ எண்டு மூண்டு கடிதம் போட்டிட்டா. போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாரும்."

பாலையூற்றுச் சனசமூக நிலையத்தின் வாசலில், கடிதம் போட்ட புஸ்பராணி நின்றுகொண்டிருந்தாள். திருகோணமலைப் பட்டினத்தில் தந்திக் கிளார்க். முப்பது வயது இருக்கும். கதைக்கும்போதும் விரல் ஏதாவது ஒன்றின்மேல் தட்டிக்கொண்டே இருக்கும்.

"வாங்கோ சேர். பிள்ளையள் விடிய ஆறு மணியிலிருந்து நிக்குதுகள். சாப்பிடவும் போகேலாதாம், நீங்கள் அந்த நேரம் பாத்து வந்திடுவீங்களாம்."

உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பாலையூற்றுப் பிள்ளைகளோடு பட்டினத்து முஸ்லிம் பிள்ளைகளும், சல்லிக் கிராமத்திலிருந்து மீன் ஏற்றுகிற வான் வண்டியில் ஏறி வந்த நாலு பேரும். வெள்ளைக்காரக் கடற்படை ஐந்து வருசத்துக்கு முன் துறைமுகத்தை விட்டுப் போனபோது போட்டுவிட்டுப் போன ஒரு பெரிய மேளமும் இரண்டு ஊதுகுழலும் நெளிந்துபோன ஒரு பித்தளைக் கொம்பும் இருந்தன. மிச்சம் ஆர்மோனியம், றபான் என்கிற கைமேளம், புல்லாங்குழல், மண்பானை, சைக்கிள் மணி. பெரிய மேளத்துக்குப் பின்னால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அங்கை ஆர் நிக்கிறது?" என்று கேட்டார் தவராசா.

மேளத்தின் ஓரத்தால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஸல்ஹா," என்றது.

பட்டினத்தில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற அன்ஸாரின் மகள். வயது பத்து. 

"எவ்வளவு நேரம் வாசிப்பினம்?" என்று தவராசா மெதுவாகப் புஸ்பராணியிடம் கேட்டார்.

"பன்னிரண்டு நிமிசம்."

"ஒரு பாட்டா?"

"நாங்களே கட்டின ஒரு உருப்படி. 'துறைமுக நடை' எண்டு பேர். முதல் ரெண்டு நிமிசந்தான் சேர் இருந்தது. ஒரு பிள்ளைக்குத் தனியா வாசிக்கக் குடுத்தன். அடுத்த நாள் மற்றப் பிள்ளையின்ர தாய் வந்திட்டா. இப்ப இருபத்திரண்டு பேருக்கும் தனி இருக்கு. சைக்கிள் மணிக்கும் இருக்கு."

தவராசாவின் கமெராவில் போன பயணத்தில் மிஞ்சிய பிலிம் கொஞ்சம் கிடந்தது. அரை நிமிசத்துக்குக் காணும். அதை ஓட்டுவம், அது முடிந்த பிறகு வெறுங் கமெராவை ஓட்டுவம் என்று நினைத்துக்கொண்டார். புதுச் சுருள் தகர டப்பாவோடு பைக்குள் பத்திரமாக இருந்தது.

புஸ்பராணி கையைத் தூக்கினாள். துறைமுக நடை தொடங்கியது.

உண்மையில் நல்லாய்த்தான் இருந்தது. கொம்பு ஊதியவனுக்குக் கன்னம் பலூன் மாதிரி உப்பியது. றபான் அடித்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். தவராசா ஒரு கண்ணை மூடி, மற்றதைக் கமெராவில் வைத்து மெல்ல நடந்தார். பிலிம் முடிந்தது. அவர் நிற்கவில்லை. குனிந்தார், சரிந்தார், ஒரு முழங்காலில் இருந்தார். ஆர்மோனியத்துக்குக் கிட்டப் போய்ப் பக்கத்தில் நின்ற மேளத்தைச் சுற்றி வந்தார். வெறுங் கமெராவை இவ்வளவு பக்குவமாக ஓட்டுகிறவர் இலங்கையில் வேறு யாரும் இல்லை.

மேளம் நின்றது.

ஒவ்வொரு வாத்தியமாகப் பிசகி, கடைசியில் சைக்கிள் மணி மட்டும் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது.

"என்ன ஸல்ஹா?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"றாணி அக்கா, மாமாட கமெராட சுருதி ஏறிப்போச்சு."

"என்ன கதை இது?"

"ஓம் அக்கா. எனக்கு நடுவுல கன நேரம் அடி இல்லைதானே. சும்மா நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். முதல்ல கமெரா இந்தச் சத்தத்துல இருந்திச்சு." ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கினாள். "பிறகு டக்கெண்டு இதுக்குப் போச்சு." பக்கத்துக் கட்டையை அமுக்கினாள். "உள்ளுக்க ஒண்டுமே இல்லாத மாதிரிக் கேக்குது."

தவராசா கமெராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். இருபத்திரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"அது... சூட்டுக்கு, பிள்ளை. சூட்டுக்கு எந்திரம் அப்பிடித்தான்."

"பிலிம் இருக்கோ சேர்?" என்று புஸ்பராணி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுடைய விரல் தட்டுவதை நிறுத்தியிருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இல்லை," என்றார் தவராசா. "முதல் அரை நிமிசந்தான் இருந்தது."

ஒரு பிள்ளை விக்கி விக்கி அழத் தொடங்கியது. கொம்புக்காரன் கேட்டான்: "அப்ப எங்கட சத்தமாவது படத்துல வருமோ?"

ஒரு பொய்யோடு சேர்த்து மற்றதையும் இறக்கிவிடுவோம் என்று தவராசாவுக்குத் தோன்றிவிட்டது. "இந்தக் கமெராவிலை சத்தம் பிடிக்க ஏலாது, தம்பி. கொழும்பிலை வேறை ஆக்களின்ர பாட்டை எடுத்து ஒட்டுவினம்."

"வேற ஆக்கள்ர பாட்டா!" என்று ஸல்ஹா தடியைக் கீழே போட்டாள்.

பதினொரு வருசமாக அவர் எத்தனையோ தலைவர்களை ஏமாற்றியிருந்தார். அதற்கெல்லாம் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது சத்தம் மட்டும், அது கிடைத்தது. இந்தப் பிள்ளைகளோ அந்தச் சத்தத்தையே கவனித்துக் கேட்டுவிட்டார்கள். அவருக்குக் காது சுட்டது. யோசித்தால் மனம் மாறிவிடும் என்று பயந்து, பைக்குள் கையை விட்டுத் தகர டப்பாவை எடுத்தார்.

"நூறடி இருக்கு. மூண்டு நிமிசமும் இல்லை. நான் முழுக்க எடுக்கிறன். ஆனா உங்கட உருப்படி பன்னிரண்டு நிமிசம். ஆரின்ர தனியை வெட்டுறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அதன்பிறகு நடந்த சண்டையில் ஒரு புல்லாங்குழல் உடைந்தது. றபான்காரர் ஆர்மோனியத்தை வெட்டச் சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து சைக்கிள் மணியை வெட்டச் சொன்னார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற தாய்மாரும் உள்ளே வந்தார்கள். புஸ்பராணி ஒரு கதிரையில் ஏறி நின்று கையைத் தட்டினாள்.

"ஒருத்தரையும் வெட்டத் தேவையில்லை! சத்தம் படத்திலை வராதுதானே. எல்லாரும் தங்கட தங்கட தனியை ஒரே நேரத்திலை வாசியுங்கோ!"

அப்படியே செய்தார்கள். தவராசா தன் சீவியத்தில் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ஆனால் கமெராவுக்குள்ளே தெரிந்ததெல்லாம் தங்கள் முறையை முழு மனதோடு வாசிக்கிற இருபத்திரண்டு முகங்கள். இவ்வளவு நல்ல படத்தைத் தான் எடுத்ததே இல்லை என்று அவருக்கு விளங்கியது. அதோடு, நாளைக்குத் தன் வேலை போகப் போகிறது என்பதும் விளங்கியது.

மற்ற நாள் காலை குச்சவெளி பஸ்ஸில் கமெராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வல்லிபுரத்திடம் என்ன சொல்வது என்று நிலாவெளி வரைக்கும் யோசித்தார். அதற்குப் பிறகு யோசிக்கவும் பயமாக இருந்தது.

வல்லிபுரம் வெள்ளைக் கோட்டும் சூட்டுமாக வந்திறங்கினார். "சுருள் இருக்கோ?" என்று கேட்டார். தவராசா தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. கமெரா ஓடியது. வல்லிபுரம் ரிபனை வெட்டி, கமெராவைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே ஒரு கால் வைத்தார். புதுச் சீமெந்துத் தரையை அன்று காலைதான் கழுவியிருந்தார்கள். கால் முன்னால் போனது, ஆள் பின்னால் வந்தார். பார்வைக்கு வைத்திருந்த நண்டுக் கூடையில் போய்ப் பொத்தென்று குந்தினார்.

நாலு பேர் தூக்கி விட்டார்கள். ஒன்றும் நடக்காதது போல அவர் மேடையேறிப் பேசத் தொடங்கினார். ஒரு பெரிய நண்டு அவருடைய கோட்டின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அவர் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துச் சனம் சிரித்தது, அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் சிரித்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் பத்து நிமிசம் கூடப் பேசினார். கடைசியில் கதிரையில் இருந்தார். உடனே எழும்பினார். எழும்பியபோது போட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

விழா முடிந்ததும் தவராசாவை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். முகம் வேர்த்திருந்தது.

"தவராசா, அதெல்லாம் படத்திலை விழுந்திட்டுதோ?"

"இல்லை ஐயா. கமெராவிலை பிலிம் இல்லை."

"பகிடி விடாதையும். மேலிடத்துக்குக் காட்டுற படம் இது. நண்டு விழுந்ததோ?"

"சத்தியமா ஐயா. சுருளை நேற்றுப் பாலையூற்றுப் பிள்ளையளுக்கு ஓட்டிப்போட்டன். நான் செய்தது பிழைதான்."

"திறந்து காட்டும்!"

தவராசா கமெராவின் மூடியைத் திறந்தார். உள்ளே பல்லுச் சில்லுகள் மட்டும் மினுங்கின. வல்லிபுரம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். தவராசா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீர் ஒரு கெட்டிக்காரன் ஐசே," என்றார் வல்லிபுரம். "முன்யோசனை உள்ள ஆள்."

அறிக்கையை அவரே எழுதினார். 'வெளிச்சம் போதாமையால் படப்பிடிப்பு நடைபெறவில்லை' என்று. ஆனி மாதம், மத்தியானம் பதினொன்றரை, குச்சவெளிக் கடற்கரை. கொழும்பில் அதைப் படித்த எவரும் சந்தேகப்படவில்லை. பாலையூற்றுப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போய்க் காட்டிவிட்டு வரும்படி கடிதமும் கொடுத்தார். தவராசாவைக் கொஞ்ச நாளைக்குக் கண்முன்னே வைத்திருக்க அவருக்கு விருப்பமில்லை.

ஆவணியில் தவராசா புறொஜெக்டரோடு வந்திறங்கினார். யன்னல்களைச் சாக்கால் மூடி, பின்னேரம் நாலு மணிக்குச் சனசமூக நிலையத்தை இருட்டாக்கினார்கள். சுவரில் வெள்ளைச் சீலை. சனம் நிறைந்து வாசலிலும் நின்றது. படத்தில் சத்தம் வராது என்பதால் பிள்ளைகள் வாத்தியங்களோடு சீலைக்கு முன்னால் இருந்தார்கள். இந்த முறை பன்னிரண்டு நிமிசமும் ஒழுங்காக வாசிப்பது என்று புஸ்பராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். படமோ மூன்று நிமிசத்துக்குள் முடிகிறது. ஒவ்வொரு முறையும் தவராசா வேர்க்க வேர்க்கச் சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார். அவர் சுற்றும் நேரத்தில் ஸல்ஹா மேளத்தை அடித்துச் சமாளித்தாள். அதனால் அவளுடைய தனி மற்ற எல்லாருடையதையும்விட நீண்டுவிட்டது. அதற்கு ஒரு தாய் அப்போதே எழும்பி நியாயம் கேட்டாள்.

நாலாம் முறை ஓடி முடிந்தபோது கை தட்டல் ஓயவில்லை. அன்ஸார் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். சல்லியிலிருந்து வந்த வள்ளியம்மா சனத்தை விலக்கிக்கொண்டு புறொஜெக்டருக்குக் கிட்ட வந்தாள். சைக்கிள் மணிக்காரனின் தாய்.

"தம்பி, நல்ல படம். ஆனா படத்திலை என்ர பெடியன் நாலு தரமும் அதே இடத்திலை மூக்கைச் சொறியிறான். முதலாந்தரம் முடியவே அவனுக்குச் சொன்னனான், சொறியாதை எண்டு. கேக்கிறான் இல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லிப்போட்டு இன்னொரு தரம் ஓட்டுங்கோ."

தவராசா அந்தப் பெடியனைக் கூப்பிட்டு, இனிச் சொறியக் கூடாது என்று சொன்னார். அவனும் ஓம் என்றான். அவர் சுருளைத் திருப்பிச் சுற்றத் தொடங்கினார்.