சும்மா இருந்த குற்றம்

எங்கள் பள்ளிக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சுவரில் நீல எழுத்தில் இருக்கும் ஐந்து வாக்கியங்கள்தான். பள்ளியை நடத்தும் கன்னியர் சபைக்கு ஏறக்குறைய நாற்பது நாடுகளில் பள்ளிகள் உண்டு. எந்த நாட்டில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் வாசலில் இதே ஐந்து வாக்கியங்கள் அந்தந்த ஊர் மொழியில் இருக்கும் என்பார்கள். சபையைத் தொடங்கிய அம்மையார் தன் கைப்பட எழுதிவைத்தவை. முதலாவது கடவுளைப் பற்றியது, இரண்டாவது படிப்பைப் பற்றியது. நாலாவதும் ஐந்தாவதும் என்னவென்று கேட்டால் பாதி ஆசிரியைகள் முழிப்பார்கள். மூன்றாவதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்: 'எந்தப் பிள்ளையையும் கண்காணிப்பின்றி விடாதீர்கள்.'

மறக்க முடியாததற்குக் காரணம், அந்த வாக்கியத்துக்கு மட்டும் டியூட்டி உண்டு. இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் ஒரு ஆசிரியை கழுத்தில் விசிலோடு மைதானத்தைச் சுற்றிவர வேண்டும். மாடிப்படி, கழிப்பறை வாசல், தண்ணீர்த் தொட்டி எதையும் விடக் கூடாது. ஆசிரியைகள் அறையில் காலையில் முதல் பேச்சே, "இன்னைக்கு யாரு மூணு?" என்பதுதான். "நான்தான் மூணு, என் தலையெழுத்து" என்று யாராவது பதில் சொல்வார்கள். பள்ளியின் கல்வித் தத்துவம் இப்படித்தான் எங்களிடம் வந்து ஒரு எண்ணாகச் சுருங்கியிருந்தது.

நான் தமிழ் ஆசிரியை. அந்த மதமும் இல்லை, அந்தச் சபையும் இல்லை. பெரிய பெரிய சொற்களைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தமிழ் ஆசிரியைக்கு வரக் கூடாத வியாதி. அதனால் அந்த நீல எழுத்தை நான் நின்று படித்ததே கிடையாது. என் தங்கை மகள் மாட்டிக்கொண்ட பிறகுதான் படித்தேன்.

அவள் பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் ஊமைக்கோட்டான். பேசத் தெரியாமல் இல்லை, பேச இடம் கிடைக்காமல்தான் அப்படி ஆனாள் என்பது என் கட்சி. தங்கை மருத்துவமனையில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. அவள் கணவர் கப்பலில். வந்தால் வீடு கொள்ளாத பெட்டிகளோடு வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். வீட்டில் இரண்டே அறைகள். பகலில் அம்மா தூங்குவதால் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. மாலையில் அம்மா எழுந்ததும் இரட்டைத் தம்பிகள் இருவரும் சேர்ந்து வீட்டைத் தலைகீழாக்குவார்கள். இரவு அந்த இரண்டு வாலும் ஆளுக்கொரு பக்கம் இவள் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும்.

பள்ளி ஆலயத்தின் பின்பக்கம், பாடகர் குழு நிற்பதற்கென்று ஒரு சின்ன மாடி உண்டு. மரப்படியில் ஏறிப் போக வேண்டும். மேலே துணி போர்த்திய ஆர்மோனியமும் பழைய பாட்டுப் புத்தகங்களும், பிள்ளைகள் உயரத்துக்குச் செய்த இரண்டு பெஞ்சுகளும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை. மதிய உணவு நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவளை பி.டி. மிஸ் கையும் களவுமாகப் பிடித்தார். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை பையைக் கொட்டிச் சோதனை. போன் இருக்கும், கடிதம் இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு கைக்குட்டையும் பாதிப் பென்சிலும் கிடைத்தன. ஏதாவது கிடைத்திருந்தால் கண்டித்து, அழவைத்து, பேசித் தீர்த்திருப்பார்கள். ஒன்றும் கிடைக்காததுதான் பெரிய சந்தேகமாகிவிட்டது.

மூன்றாவது தடவை பிடிபட்டதும் தலைமையாசிரியை மதர், பெற்றோரை வரச் சொல்லிவிட்டார். அந்த அறைக்குப் பெற்றோரை வரச் சொன்னால் பெரும்பாலும் டி.சி.யில்தான் முடியும். பொதுத்தேர்வு வருடத்தில், பாதியில் வெளியே அனுப்பப்பட்ட பெண்ணை வேறு எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? 

முந்தின நாள் மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் அழுதுகொண்டே தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பெண்ணைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே என்னதான் செய்தாய் என்று கேட்டதற்கு, மதரிடம் சொன்ன அதே பதிலைத்தான் எனக்கும் சொன்னாள்.

"சும்மா உட்கார்ந்திருந்தேன் பெரியம்மா."

"ஆலயத்துக்குள்ளதானே உட்கார்ந்திருந்த? ஜெபம் பண்ணிட்டிருந்தேன்னு சொல்லிடு. முடிஞ்சுபோச்சு. உன்னைத் தூக்கித் தலையில வெச்சுக் கொண்டாடுவாங்க."

"பண்ணலையே."

"பண்ணலைன்னு யாருடி வந்து பார்த்தா?"

அவள் சிங்க்கில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். "நான் ஜெபம் பண்ணலை, பெரியம்மா. யாரும் என்னைப் பார்க்காத இடத்துல கொஞ்ச நேரம் இருக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். இதுக்குப் போய் ஏன் சாமியை இழுக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பெருமையும் வந்து தொலைத்தது. நாலு சொல் திட்டிவிட்டு, கிளம்பும்போது அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் போதாத காலத்துக்கு ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை வேறொரு நாட்டில் இருக்கும் சபைப் பள்ளியிலிருந்து யாராவது வந்து, இந்த ஐந்து வாக்கியங்கள் சுவரில் மட்டும் இருக்கின்றனவா, பள்ளிக்குள்ளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். இந்தத் தடவை வந்த சிஸ்டருக்கு வயது அறுபதுக்கு மேல். சிரித்த முகம், கால்வலிக்கென்று போட்ட கனமான ஷூ. மூன்றாவதை நாங்கள் எவ்வளவு கறாராகக் காப்பாற்றுகிறோம் என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, மதர் அவரையும் விசாரணைக்கு அழைத்து உட்காரவைத்துக்கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மதர், ஓரமாக விருந்தாளி. இந்தப் பக்கம் இரவு வேலை முடிந்து நேராக வந்த தங்கையும், அவளுக்கு அடுத்து நானும். கதவருகில் விசிலோடு பி.டி. மிஸ். நடுவில், மேசைக்கு நேர் எதிரே, எல்லோர் கண்ணும் படும்படி அவள் நின்றாள். நான் உறவுக்காரியாக மட்டுமே வந்திருப்பதாகவும், வாயைத் திறக்கக் கூடாதென்றும் மதர் முன்பே சொல்லியிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கடைசியா கேக்கிறேன்," என்றார் மதர். "அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

"சும்மா இருந்தேன் மதர்."

விருந்தாளி அதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். 'நத்திங்' என்றார் மதர். கதவருகிலிருந்து பி.டி. மிஸ் 'சிம்ப்ளி' என்று உதவிக்கு வந்தார். விருந்தாளியின் முகத்தில் குழப்பம். ஒரு பிள்ளை தன்னைத் தலைமையாசிரியை கேட்கும் கேள்விக்கு 'ஒன்றும் இல்லை' என்று பதில் சொன்னால் யாருக்கும் திமிராகத்தானே கேட்கும்?

என்னால் பொறுக்க முடியவில்லை. பெரியம்மாவாக வந்தவள் பேசக் கூடாது, சரி. தமிழ் ஆசிரியை பேசலாமில்லையா? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுந்து நின்று விளக்கினேன். சும்மா என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல. வேலை இல்லாமல், காரணம் இல்லாமல், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாமல் இருப்பது. சும்மா வந்தேன் என்பது பிரியத்தில் வருவது, சும்மா சொன்னேன் என்பது விளையாட்டுக்குச் சொல்வது. இந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, இருந்ததைத்தான் சொல்கிறாள். அவள் வீட்டில் சும்மா இருக்க ஒரு மூலைகூடக் கிடையாது. பள்ளியிலாவது இருக்கிறதா என்று தேடிப் போயிருக்கிறாள்.  தங்கை என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

மதர் என்னைத் திட்டவில்லை. சுவரைக் காட்டும் பாவனையில் கையை நீட்டி, மூன்றாவது வாக்கியத்தை மீறத் தனக்கு அதிகாரம் இல்லை, அது அம்மையாரின் சொல் என்றார்.

விருந்தாளி, அந்த வாக்கியத்தில் தமிழில் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். கண்காணிப்பு, கண் வைத்துக் காப்பது என்று சொன்னேன்.  அவர் எழுந்து, தன் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, அவள் பார்த்த திசையிலேயே, அதாவது மதரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அம்மையாரின் மொழியில் மூன்றாவது வாக்கியத்தில் இருக்கும் சொல்லுக்கு இதுதான் பொருள் என்றார். பிள்ளையைப் பார்ப்பதல்ல, பிள்ளையின் பக்கம் இருப்பது.

 அவரே சிரித்துக்கொண்டு, இன்னொரு நாட்டில் இதே சொல்லை 'வழித்துணை' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றும், அங்கே பல வருடங்களாக எந்தப் பிள்ளையும் தனியாகக் கழிப்பறைக்குப் போனதில்லை என்றும் சொன்னார். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பி.டி. மிஸ் விசிலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

மதர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தமிழில், எங்களுக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார். "சொல் அழகாத்தான் இருக்கு. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைங்க. சாயங்காலம் ஒருத்தி விடாம வீடு போய்ச் சேர்ந்தாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எனக்குச் சாப்பாடே இறங்கும். அத்தனை பேர் பக்கத்துலயும் யாரு போய் உட்காருறது?"

 மதரைக் கண்டு வருடக்கணக்கில் பயந்திருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் கேலி பேசியிருக்கிறேன். அவருக்கும் பயம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கடைசியில் டி.சி. இல்லை என்றார். தங்கை கைகூப்பினாள். ஆனால் மதர் மதர்தான். முடிவை அதோடு விடவில்லை. இனிமேல் மதிய உணவு நேரத்தில் அவள் அந்த மாடிக்குப் போகலாம், ஆனால் பக்கத்தில் ஒரு ஆசிரியை உட்கார்ந்திருக்க வேண்டும். சொல் அதுதானே? நாளையிலிருந்து நானே உட்கார வேண்டும் என்று உத்தரவானது.  ஊமைக்கோட்டான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டி.சி. கொடுத்திருந்தால்கூட அவள் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

மறுநாள் மணி அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே மரப்படி ஏறினேன். அவள் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் மறு ஓரத்தில். மேலே தூசி வாசனையும், வண்ணக் கண்ணாடி வழியே வந்த கொஞ்சம் சிவப்பு வெளிச்சமும் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் போனேன். எங்கே முடிந்தது? சாப்பிட்டாயா என்றேன். உம் என்றாள். கணக்குப் பரீட்சை எப்படி என்றேன். உம். இப்படிக் கூன் போட்டு உட்காராதே என்றேன். அதற்கு உம்கூட வரவில்லை. அவள் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, வகுப்பில் உட்கார்வது போல உட்கார்ந்தாள்.

எனக்கு அந்தக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் இருக்கிறேன் என்று வந்தவள், விசில் மட்டும்தான் இல்லை, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கும் இப்படித்தான், அடுத்த வாரமும் இப்படித்தான். அவளுக்கென்று இருந்த ஒரே இடத்தை, அவள் பக்கம் பேசிப் பேசியே பிடுங்கிக்கொண்டேன். அழுகை வந்தது. டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கினேன். கடைசிப் படியில், திறந்திருந்த ஆலயக் கதவு வழியே மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பி.டி. மிஸ் அந்தப் பக்கம் வந்தார். அன்றைக்கு அவர்தான் மூணு. மாடியை நோக்கிக் கண்ணைக் காட்டி, பெண் மேலேயா என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருக்கச் சொன்னார்களே என்றார்.

"இருக்கேனே," என்றேன். "இந்தப் படி ஏறி யாரும் போகாம பார்த்துக்கிறேன். போதாதா?"

மதர் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் இழுத்தார். மதரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கண் மதரின் அறைப் பக்கமே போனது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆலயக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

நான் சாப்பிட ஆரம்பித்தேன். வெளியே ஆயிரம் பிள்ளைகளின் இரைச்சல், உள்ளே என் கரண்டிச் சத்தம். மேலே எதுவும் அசையவில்லை. ஏறிப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தேன்.

பிறகு மேலிருந்து குரல் வந்தது. "பெரியம்மா, போயிட்டீங்களா?"

"இல்லடி. கீழதான் இருக்கேன்."

பெஞ்சு கிறீச்சிட்டது. இறங்கி வருகிறாளோ என்று நினைத்தேன். வரவில்லை. காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருக்க வேண்டும்; அடுத்து வந்த குரலில் அந்தச் சோம்பல் இருந்தது.

"சரி. இருங்க."