என் அடக்கத்துக்கு வைத்த பீர்

ஈஸ்டர் வரை தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் முளைகட்டிய பார்லியை வெந்நீரில் கொட்டினேன். எங்கள் வோஸ் ஊர்ப் பக்கத்தில் அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய பீர் ஊற்றியாக வேண்டும். கடையில் வாங்கி ஊற்றினால் பிணத்துக்கே வெட்கமாகிவிடும். என் மாமனாருக்கு அப்படித்தான் ஆயிற்று. பெட்டியை மூடும்போது அவர் முகம் சிவந்திருந்ததை நானே பார்த்தேன்.

வாசனைக்கு ஜூனிப்பர் மரக்கிளை போட்டுக் கடுமையாகக் காய்ச்சினேன். புளித்ததும் எஃகு பீப்பாயில் ஊற்றி, நுரைக்குக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, நிலவறையில் வைத்தேன். ஈஸ்ட் அடியில் படிந்து, தெளிந்து, ஈஸ்டருக்குள் பதமாகிவிடும் என்பது என் கணக்கு.

பக்கத்துப் பண்ணை ஸ்டைனாருக்கு ஊரிலேயே கூர்மையான நாக்கு. மாதம் ஒருமுறை நாலு பேரோடு வந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பான்.

"இன்னும் பச்சையா இருக்குடா மோன்ஸ். உனக்கு நேரம் கெடக்கு" என்றான் டிசம்பரில். எல்லோரும் சிரித்தோம்.

பிப்ரவரியில், "நெருங்கிடுச்சு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அவன் வேலியில் கறுப்புக் கோட்டுகள் காற்றாடின. தச்சன் ஓத்வார் சும்மா வந்தவன்போல வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "போன வருஷத்துக்குக் கொஞ்சம் குறுகிட்டீங்க" என்றான்.

பீர் பதமானால் ஆள் போய்விடுவான் என்பதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மார்ச் மாதம், அவர்கள் வருவதற்கு முன் நிலவறைக்குப் போய்ப் பீப்பாயைத் தரையில் படுக்கவைத்து இப்படியும் அப்படியும் உருட்டினேன். படிந்த ஈஸ்ட் மொத்தமும் கலங்கியது.

ஸ்டைனார் துப்பினான். "போன மாசத்தைவிட மோசம்! என்னய்யா ஆச்சு இதுக்கு?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

ஈஸ்டர் போயிற்று. மாதாமாதம் உருட்டினேன். டாக்டர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "ஏதாவது உடற்பயிற்சியா?" என்று கேட்டார்.

அக்டோபரில் நாற்பது தடவை உருட்டினேன். ஸ்டைனார் கிளாஸை ஜன்னலுக்கு நேரே தூக்கினான். அதன் வழியே எதிர்மலையில் மேயும் ஆடுகளை எண்ண முடிந்தது. குடித்தான். தொப்பியைக் கழற்றினான். மற்றவர்களும் கழற்றினார்கள்.

"பதம். இதுக்குமேல வச்சா கெட்டுடும்" என்றான்.

"எப்படித் தெளிஞ்சுது?" என்றேன்.

படியில் நின்ற என் மனைவி சிக்னே சொன்னாள்: "தெளியாம? போன வாரம் ஹோஸ் போட்டு, மேல தெளிஞ்சதை மட்டும் வேற பீப்பாய்க்கு மாத்திட்டேன். வண்டலைக் கொட்டியாச்சு. வர்ற சனத்துக்குக் கலங்கலா ஊத்தி என் மானத்தை வாங்கப் பாத்தீங்களா?"

ஸ்டைனார் என் தோளில் கை வைத்தான். "வர்ற சனிக்கிழமை எல்லாருக்கும் தோதுப்படும். உனக்கு எப்படி?"

எனக்கும் வேறு வேலை இல்லை என்றேன்.

அந்த வாரம் முழுக்க என்னை ஒரு வாளி தூக்க விடவில்லை. சனிக்கிழமை கறுப்பு உடையில் அறுபது பேர் வந்தார்கள். மேஜையின் தலைப்பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். நான் என் நாடியைப் பிடித்தபடி இருந்தேன். நாலு மணிக்குக் குழாய் வெறும் காற்றாய்ச் சீறியது. பீப்பாய் காலி. என் நாடி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது சிக்னேயிடம்தான் கைகுலுக்கினார்கள். "மனசைத் தளரவிடாதம்மா" என்றான் ஸ்டைனார்.

பீர் இல்லாமல் என்னை அடக்கம் செய்ய முடியாது. புதிதாகக் காய்ச்சி, நானும் உருட்டிக்கொண்டிருந்தால், பதமாக இன்னும் ஒரு வருடமாவது ஆகும். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஜூனிப்பர் கொதிக்கும் வாசனை வந்தது. அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள் சிக்னே.

"நீங்க கடுமையாக் காய்ச்சினதுதான் தப்பு. அதான் வருஷமா இழுத்துச்சு" என்றாள். "இது லேசானது. மூணே வாரம்."