கேசிங்கையும் சேர்த்து

சேலத்தில் நாய்க்குக்கூட இடம் கிடைத்துவிடும். நாய் வைத்திருக்கிற மனிதனுக்கு வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. தீர்த்தகிரி அதைப் படிப்படியாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டான். "ஊடு இருக்குதுங்க, நாயி மட்டும் ஆகாதுங்க" என்று ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். சிலர் நாயைக் கண்டதுமே கேட்டைச் சாத்தினார்கள். அது யாரையும் கடித்ததில்லை. கடிக்கிற வயதையும் எப்போதோ தாண்டிவிட்டது.

நாயின் பெயர் கேசிங். தண்ணீருக்குப் போர் போட்டதும் மண் சரியாமல் இருக்க உள்ளே இறக்குகிற குழாய்க்குத்தான் அந்தப் பெயர். தீர்த்தகிரி திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறி வடநாடு முழுக்கப் போர் போட்டுத் திரிந்த காலத்தில், சத்தீஸ்கர் பக்கம் அப்படியொரு குழாய்க்குள்ளிருந்து கண் திறக்காத குட்டியாக அதை எடுத்தார்கள். லாரியிலேயே வளர்ந்தது. உலை வைக்குமுன் சமையல்காரர் சென்னியப்பன் "எத்தனை பேரு?" என்று குரல் கொடுப்பார். பதில் சொல்கிறவன் கேசிங்கையும் சேர்த்து எண்ண வேண்டும். எண்ணாமல் விட்டால் அன்றைக்கு அவன் தட்டிலிருந்துதான் அதற்குச் சோறு. அதனால் யாரும் விடுவதில்லை.

வருசத்தில் பாதி நாள் வடநாட்டில் கிடப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. முட்டி தேய்ந்து ரிக்கை விட்டு இறங்கியபோது தீர்த்தகிரிக்குத் தலை நரைத்திருந்தது. கூட இறங்கியது கேசிங் மட்டும்தான். கொண்டலாம்பட்டி பைபாஸில் லாரிகளை எடை போடும் எடை மேடையில் வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் இருவரும் படுத்துக்கொண்டார்கள். ஒருநாள் பின்பக்கமாக வந்த லாரியின் சத்தம் கேசிங்குக்குக் கேட்கவில்லை. அதற்குக் காது போய்விட்டது என்பதே அப்போதுதான் தெரிந்தது. கிளீனர் போட்ட அலறலில் லாரி நின்றது. எப்போதும் ஒரு கிளீனர் பார்த்துக்கொண்டிருப்பானா? அன்றைக்கே தீர்த்தகிரி வீடு தேடக் கிளம்பினான்.

கடைசியில் அரிசிப்பாளையத்தில் ஒரு அபார்ட்மெண்ட் அகப்பட்டது. தரைத்தளம். எதிர் வீட்டிலேயே ஓனர் கிறிஸ்துராஜும் மனைவி இன்பமேரியும் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த நாய் போன வருசம் செத்துப்போயிருந்தது. கேசிங்கைக் கண்டதும் இன்பமேரி அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காது போனதையும் லாரிக்குத் தப்பியதையும் தீர்த்தகிரி சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"நாயி இருந்தா எங்களுக்குச் சந்தோசந்தானுங்க. உங்கூட்டுல எத்தனை பேருங்க?" என்றார் கிறிஸ்துராஜ்.

"ரெண்டு பேருங்க."

பொய் சொல்லும் நினைப்பே அவனுக்கு இல்லை. இத்தனை வருசமாக எப்படி எண்ணினானோ அப்படித்தான் எண்ணினான்.

"சின்னக் குடும்பம். நல்லதாப் போச்சுங்க" என்று அவர் சாவியை நீட்டினார். கேசிங்கைக் குடும்பம் என்று சொல்ல இந்த ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டான். வெகுளி.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினான். பால் சூடேறிக்கொண்டிருந்தபோது இன்பமேரி ஒரு தட்டோடு உள்ளே வந்தார். தட்டில் வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை, கண்ணாடி வளையல்.

"ஊட்டுக்காரம்மா எங்கீங்க? பூ வெச்சுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

தீர்த்தகிரி அடுப்பை விட்டுத் திரும்பினான். அப்படி ஒருத்தியை அவனிடம் யாரும் இதுவரை விசாரித்ததில்லை. "அப்புடி யாருமில்லைங்க. நானும் கேசிங்குந்தானுங்க" என்றான். அந்த மல்லிகையைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கிறிஸ்துராஜ் வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"தப்பா நெனைக்காதீங்க. தனி ஆளுக்கு உடறதில்லீங்க. முன்ன இருந்த பசங்க பண்ணுன கூத்துல, இனி குடும்பத்துக்குத்தான் உடுவேன்னு மாடி ஊட்டுக்காரங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க."

இன்பமேரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாயை வேணா எங்ககிட்ட உட்டுட்டுப் போங்க. காது கேக்காததை லாரிக்கு நடுவுல எப்புடிங்க வெச்சிருப்பீங்க?"

கேசிங் குளிர்ந்த டைல்ஸில் வயிறு பதியப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் எழுந்து கூடவே வரும். எங்கே என்று கேட்காது. அதனால்தான் அவன் எழுப்பவில்லை.

"நல்லா வெச்சுக்குவீங்க" என்றான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மத்தியானம் பைபாஸ் மெஸ்ஸில் "எத்தனை பார்சலுங்க?" என்றதற்கு, "ரெண்டு" என்று வாங்கி வந்துவிட்டான். கொட்டகையில் ஒன்றைப் பிரித்து வைத்தபிறகுதான் உறைத்தது. பிரித்ததில் கை வைக்காமல், மற்றதை எடுத்துக்கொண்டு அரிசிப்பாளையத்துக்குப் பஸ் ஏறினான்.

கேட்டுக்கு வந்த இன்பமேரி பொட்டலத்தைப் பார்த்தார். "அது அப்பவே சாப்புட்டுருச்சுங்களே. உள்ள வந்து ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

"வேண்டாங்க. என்னையப் பாத்தா கூடவே வந்துரும்."

வாய் அப்படிச் சொன்னது. அவன் பயந்தது வேறு. பார்த்தும் வராமல் படுத்தே இருந்துவிட்டால் என்ன செய்வது?

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சூடு இன்னும் ஆறவில்லை.

"எத்தனை பேருங்க?" என்றார் கண்டக்டர்.

தீர்த்தகிரி காசை எண்ணி நீட்டினான்.

"ஒருத்தன்தானுங்க."