ஒரே மடக்கு

என் கணவருக்கு எதையும் ஒரே வெட்டில் முடிக்க வேண்டும். கறிக்கடைக்காரர், தொழிலுக்கு அது சரி. என் வாய்க்கும் அதே கணக்கு என்றால் எப்படி?

கழுத்தில் தைராய்டை எடுத்த பிறகு எனக்கு இரண்டு மாத்திரை: தைராய்டுக்கு ஒன்று, கால்சியம் ஒன்று. நான் கண் விழித்ததும் இரண்டையும் அவரே என் உள்ளங்கையில் போட்டு, ஒரு தம்ளர் பாலையும் நீட்டுவார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் அக்கறையைத் தம்பட்டம் அடித்தார். நானோ நாளுக்கு நாள் ஊதினேன். கடையில் அவரோடு கறி வெட்டுகிற நான், வெட்டுக்கட்டை முன்னால் நின்றபடியே தூங்கி வழிந்தேன். ஒருநாள் ஆட்கள் பார்க்க, கத்திப் பிடியால் என் முழங்கையில் அடித்தார். வெட்டுவதற்கு வேறு ஆள் வருகிறான், நீ உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு என்றார். அண்ணி என்னை வாசலில் நிற்கக்கூட விடமாட்டாள். அந்தக் கட்டையை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போன டாக்டர், எப்படிச் சாப்பிடுகிறாய் என்று ஒருவழியாகக் கேட்டார். இவர் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். கால்சியம் நாலு மணி நேரமாவது கழித்து, சாப்பாட்டோடு. சேர்த்துப் போட்டால் கால்சியம் அந்த மருந்தை உடம்பில் ஏற விடாது என்றார்.

படி இறங்கும்போதே முதுகில் குத்து விழுந்தது. எல்லார் முன்னாலும் அவர் மானத்தை வாங்கிவிட்டேனாம். கேட்டது டாக்டர், சொன்னது இவர். அடி மட்டும் எனக்கு.

மறுநாள் காலை தைராய்டு மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கினேன். அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். ஒரே மடக்கு. வாயத் தொற."

தாடையை அழுத்திப் பிளந்து, கால்சியத்தைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். கடித்தேன். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். வயிற்றில் உதைத்தார், விடவில்லை. அலறினார், விடவில்லை. வாய் நிறைந்த ரத்தத்தோடு மாத்திரையையும் அவர் சட்டைமேல் துப்பினேன். பயம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

விரலில் தையல் போட்டுக்கொண்டு வந்தவரால் கத்தி பிடிக்க முடியவில்லை. என் கை இன்னும் மந்தம்தான். மெதுவாக நான் வெட்ட, ஒற்றைக் கையால் அவர் பொட்டலம் கட்டினார். மதியம் சாப்பிட்டு முடித்ததும், அவர் பார்க்கக் கால்சியத்தைக் கையில் எடுத்தேன்.

"தண்ணி கொண்டாங்க," என்றேன்.

கொண்டுவந்தார். தம்ளரை என் கையில் தரவில்லை. எட்டத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.